காலையில் ஒழுகும், மதியம் நின்றுவிடும்

காரைக்குடியில் எனக்கு ஒரு கார் பட்டறை இருக்கிறது. போன சித்திரையில் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி அழைத்தார். மூன்று நாளைக்கு முன்புதான் அவருடைய பழைய டீசல் காருக்குப் புது ரேடியேட்டர் மாட்டி அனுப்பியிருந்தோம். "தம்பி, விடியற்காலையில் ஷெட்டைத் திறந்தால் தரையெல்லாம் பச்சையாக நிற்கிறது. புதுச் சாமானிலேயே ஓட்டையா?" என்றார்.

பட்டறைப் பையனை அனுப்பினேன். அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. எஞ்சினைச் சூடேற்றி, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கூட இல்லை என்று திரும்பிவிட்டான். மறுநாள் காலையில் மறுபடியும் பச்சை, அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்.

அதற்கு அடுத்த நாள் ஆறு மணிக்கு நானே போனேன். எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சேரும் கழுத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓட விட்டேன். கால் மணி நேரத்தில் சொட்டு நின்றுவிட்டது.

தவறு எங்களுடையதுதான். ரேடியேட்டர் புதிது, ஹோஸ் பழையது. பழைய கிளிப் வருடக்கணக்கில் அழுத்தியதில் ரப்பரில் பள்ளம் விழுந்து, முனை விறைத்திருந்தது. அதே ஹோஸைப் புதுக் கழுத்தில் செருகி, வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, திருகி இறுக்கும் கிளிப்பைப் போட்டிருந்தோம். சூட்டில் எல்லாம் விரிந்து அடைத்துக்கொள்ளும். குளிர்ந்து சுருங்கும்போது இடைவெளி விழும். ஸ்பிரிங் கிளிப் அந்தச் சுருக்கத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். திருகுக் கிளிப் இறுக்கிய இடத்திலேயே நிற்கும். பட்டறையில் கை பம்பு வைத்து அழுத்தச் சோதனையும் செய்திருந்தோம். ஆனால் எஞ்சின் சூடாக இருந்தபோது செய்தோம். முள் அசையவில்லை, வண்டியைக் கொடுத்துவிட்டோம்.

வேலை முடிந்த பிறகு தரையில் ஈரத்தைப் பார்த்ததும் சண்டைக்குக் கிளம்ப வேண்டியதில்லை. ரேடியேட்டரைக் கழற்றும்போது சிந்திய கூலண்ட் அடித்தட்டில் தேங்கி ஓரிரு நாள் வடியும். ஏசி தண்ணீரும் சொட்டும். அதற்கு நிறமும் கிடையாது, வழவழப்பும் கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறுவதால் கூலண்ட் டப்பாவில் மட்டம் ஒருமுறை சற்று இறங்குவதும் வழக்கம்தான். நிரப்பிய பிறகும் மறுபடி மறுபடி இறங்கினால் அது கசிவு. இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் விழுந்திருக்கிறது என்று படம் எடுத்து வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

தரையில் ஒன்றுமே விழாமல் மட்டம் மட்டும் குறைவதும் உண்டு. சூடான இடத்தில் கசிவது அங்கேயே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போலத் தடம் விடும். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையைப் பாருங்கள். அங்கே தடம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. முன் இருக்கையின் கால்மிதி ஈரமாகி, உள்ளே இனிப்பான வாடை வந்தால் ஒழுகுவது ஹீட்டர் காயில். நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். போடாவிட்டாலும் பெரும்பாலான வண்டிகளில் கூலண்ட் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல வெளுத்தாலோ, டப்பாவில் ஓயாமல் குமிழி வந்தாலோ, எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படலாம். ரேடியேட்டர் மாற்றுவதற்கு முன்பே வண்டி ஒருமுறை கொதித்திருந்தால், கோளாறு அன்றே தொடங்கியிருக்கும். கொதித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரணமாகச் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்துக்குப் பாயும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஆறி, அமுக்கினால் தளர்வாக இருக்க வேண்டும்.

போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். நம் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைக் குளியலறைக் குழாயில் படியும் வெள்ளையே சொல்லும். ரேடியேட்டருக்குள்ளும் அதுதான் படிகிறது. ஆச்சி வீட்டு டிரைவர் முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றியிருந்தார். அது போரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்றும் யானை விலை இல்லை.

சிந்திய கூலண்டை அப்படியே விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் பழுதாகிச் செத்துவிடும். மணலைப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். ஊரணிக்குப் போகும் வாய்க்காலில் தள்ளிவிடாதீர்கள்.

ஆச்சியின் காருக்குப் புது ஹோஸும் ஸ்பிரிங் கிளிப்பும் எங்கள் செலவில் போட்டோம். அதற்குப் பிறகு, கூலண்ட் வழியில் கை வைத்த வண்டியை ஓர் இரவு பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் ஆறிய எஞ்சினில் பம்பு வைத்துப் பார்த்த பின்தான் சாவியைக் கொடுக்கிறேன். பஸ் ஏறிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறதே என்று தேவகோட்டைக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.