பவுன் காசுக்கு வரி உண்டு, மேப்பிள் லீஃபுக்கு இல்லை

சிங்கப்பூர் தேக்காவில் நகை வாங்கி, 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்டிப் பழகியவர்கள் நாம். சில தங்கக் காசுகளுக்கு அந்த வரியே கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதலீட்டுக்கான தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு 2012 அக்டோபர் 1 முதல் சிங்கப்பூரில் வரி விலக்கு நடப்பில் இருக்கிறது. அப்போது வரி 7 விழுக்காடு, 2024இலிருந்து 9. ஒரு காசு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால், 450 வெள்ளி மிச்சம்.

ஆனால் எல்லாக் காசுக்கும் இது பொருந்தாது. தங்கம் குறைந்தது 99.5 விழுக்காடு சுத்தமாக இருக்க வேண்டும். அச்சிட்ட நாட்டில் அந்தக் காசு சட்டப்படி செல்லும் பணமாக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். அதோடு, சட்டத்தின் பட்டியலிலும் அதன் பெயர் வேண்டும். கனடாவின் மேப்பிள் லீஃப், ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக், சீனாவின் பாண்டா, அமெரிக்காவின் பஃபலோ ஆகியவை தேறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் 'பவுன்', 'சவரன்' என்று எடை சொல்வதே பிரிட்டிஷ் சாவரின் காசை வைத்துத்தான். அது 22 காரட், 99.5 விழுக்காட்டுச் சுத்தத்தை எட்டாது, அதனால் விலக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் குரூகர்ராண்டும், அமெரிக்காவின் ஈகிளும் அப்படியே. ஒரு அவுன்ஸ் குரூகர்ராண்டில் மேப்பிள் லீஃபில் இருக்கும் அதே 31.1 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. உறுதிக்காகச் செம்பு சேர்த்ததில் மொத்த எடை 33.93 கிராம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. உள்ளே எவ்வளவு தங்கம் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, எவ்வளவு சுத்தம் என்பதைத்தான் பார்க்கிறது. பிரிட்டானியா வாங்கினால் வருடத்தைப் பாருங்கள்: 2013க்கு முந்தையவை 24 காரட் அல்ல. கடைகள் அடித்து விற்கும் லட்சுமி காசு எந்த நாட்டின் பணமும் இல்லை, ஆகவே நாணயத்துக்கான விலக்கு அதற்குக் கிடையாது.

சரி, விலை நியாயம்தானா என்று எப்படிப் பார்ப்பது? காசின் மேல் உள்ள தொகையைப் பார்க்காதீர்கள். ஒரு அவுன்ஸ் மேப்பிள் லீஃபில் 50 டாலர் என்றுதான் இருக்கும். அன்றைய சர்வதேசத் தங்க விலையைச் சிங்கப்பூர் வெள்ளியில் பாருங்கள். கடை அதற்கு மேல் எவ்வளவு வைக்கிறது, அதே காசைத் திரும்ப எடுக்கும்போது எவ்வளவு தரும் என்று இரண்டையும் கேளுங்கள். கால் அவுன்ஸ், பத்தில் ஒரு அவுன்ஸ் என்று சின்னதாகப் போகப் போக, கிராமுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை ஏறும். பளபளக்க வேண்டுமென்று காசைத் தேய்த்துவிடாதீர்கள், கீறல் விழுந்தால் விற்கும்போது கிடைக்கும் விலை குறையும்.

சேமிப்பாக வைத்திருந்து விற்றால், வந்த லாபத்துக்கு இங்கே வரி இல்லை. வாங்கி விற்பதே தொழிலானால் வருமான வரி வரும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார், அந்தப் பரிவர்த்தனையை அதிகாரிகளுக்கும் தெரிவிப்பார். 2019இல் வந்த சட்டம் அது. அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

அப்புறம், ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால்: இந்திய விமான நிலையத்தில் தீர்வையில்லாச் சலுகை நகைக்கு மட்டுமே. காசை அறிவித்துத் தீர்வை கட்டித்தான் வெளியே வர முடியும்.