ஒரு பக்கெட் சிக்கனும் இரண்டு நாட்டுக் கண்களும்

2010 ஜனவரி. மேற்கிந்தியத் தீவுகள் அணி ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்த கிரிக்கெட் பருவம். அங்கே தொலைக்காட்சியில் கேஎஃப்சி விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய அணியின் வெள்ளைக்கார ரசிகர் ஒருவர் எதிரணி ரசிகர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். சுற்றிலும் மேளமும் ஆட்டமும். ஆடுபவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். மனிதர் நெளிகிறார். பிறகு ஒரு பக்கெட் சிக்கனை எடுத்து நீட்டுகிறார், கூட்டம் அடங்கிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலோர் அடுத்த ஓவரைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதே காட்சி இணையம் வழியாக அமெரிக்காவுக்குப் போனதும் 'இது இனவெறி' என்று பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் சிலர் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று ஆஸ்திரேலியக் கிளை விளக்கம் சொல்லியும் பயனில்லை, விளம்பரம் நிறுத்தப்பட்டது.

பொரித்த கோழியில் என்ன இனவெறி என்று நமக்கும் தோன்றும். பதில் கோழியில் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பல பண்ணைகளில் மாடு, குதிரை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது; கோழி வளர்க்க மட்டும் விட்டார்கள். விடுதலைக்குப் பிறகு அந்தக் கோழியையே அவர்களைக் கேலி செய்யும் பொருளாக மாற்றினார்கள். 1915இல் வெளிவந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப் படத்தில், சட்டமன்றத்துக்குள் வந்த கறுப்பின உறுப்பினர் ஒருவர் அவையிலேயே கோழி கடிப்பதாகக் காட்டினார்கள். ஆளத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லத்தான் அந்தக் கோழித்துண்டு. இந்தக் கதை தெரிந்தவருக்கு அந்த பக்கெட்டில் நூறாண்டு அவமானம் இருக்கிறது. தெரியாதவருக்கு அது வெறும் தீனி.

'ஸ்டீரியோடைப்' என்ற சொல் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. கோத்த எழுத்துகளை அப்படியே உலோகத்தகடாக வார்த்து, அதே பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கும் முறைக்கு அந்தப் பெயர். 1922இல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் அந்தச் சொல்லை எடுத்து, நம் மண்டைக்குள் இருக்கும் ரெடிமேட் படங்களுக்குச் சூட்டினார். தமிழில் 'வார்ப்பு' என்று சொன்னாலே பாதி விளக்கம் வந்துவிடுகிறது.

ஒரு வார்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, நம்புவது வேறு. இதை 1989இல் அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா டிவைன் சோதித்துக் காட்டினார். கறுப்பினத்தவர் பற்றி ஊரில் என்னென்ன சொல்கிறார்கள் என்று பட்டியலிடச் சொன்னபோது, இனவெறுப்பு மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் எழுதினார்கள். நம்பிக்கையில்தான் வேறுபட்டார்கள். ஒரே நாட்டில் வளர்ந்தவர்கள் மண்டையில் ஒரே தகடு இருக்கிறது. வேறு நாட்டில் வளர்ந்தவரிடம் அந்தத் தகடே இல்லாமல் போகலாம்; அவரிடம் வேறு தகடுகள் இருக்கும்.

2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. ரெகே பாடகர் பாப் மார்லியின் பெயரால் 'மார்லி கருதுகோள்' என்கிறார்கள். அமெரிக்க மாணவர்களிடம் இனவெறி வரலாறு பற்றி ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். அதில் உண்மையில் நடந்தவையும் இருந்தன, இட்டுக்கட்டியவையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுகிறவர் மாட்டிக்கொள்வார். நடந்ததையும் நடக்காததையும் சரியாகப் பிரித்தவர்களே இன்றைய சமூகத்திலும் இனவெறியை அதிகம் கண்டார்கள். கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் காண்பதில் இருந்த இடைவெளியின் ஒரு பகுதியை இந்த வரலாற்றறிவே விளக்கியது. 'எதற்கெடுத்தாலும் புண்படுகிறார்கள்' என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை மெதுவாகப் படிக்கலாம். ஆனால் இது அமெரிக்காவுக்குள் நடந்த ஆய்வு. நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. திசை காட்டுகிறது, அவ்வளவுதான்.

வரலாறு மட்டுமே காரணம் என்றால் மெக்சிகோ எலி கணக்கில் வராது. பெரிய தொப்பி போட்ட ஸ்பீடி கொன்சாலஸ் என்ற கார்ட்டூன் எலியை, மெக்சிகர்களைக் கேலி செய்கிறது என்று அஞ்சி 1999இல் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் ஓரங்கட்டியது. திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி ரசிகர்களே முன்னால் நின்றார்கள். 2002இல் எலி திரும்பி வந்தது. அவர்கள் பார்த்தது வேறு எலி. பூனையை ஒவ்வொரு முறையும் ஏமாற்றி ஜெயிக்கும் கெட்டிக்காரன் அவன். ஸ்பானிய மொழிமாற்றத்தில் கேலிக்குரிய ஆங்கில உச்சரிப்பும் காணாமல் போகிறது. எல்லோரும் ஸ்பானியம் பேசும் இடத்தில் 'அந்நிய உச்சரிப்பு' என்று ஒன்று எப்படி இருக்கும்?

இன்னொரு காரணம் எண்ணிக்கை. 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் 1990இல் வந்த இந்தியக் கடைக்காரர் அப்புவை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். இந்தியாவில் அப்புவைப் பார்த்தவருக்குத் திரையில் ஆயிரம் இந்திய முகங்கள் தெரியும்: போலீஸ், வில்லன், மாமியார், பிரதமர். அப்பு அதில் இன்னொருவர். 1990 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 8 லட்சம் பேர்தான். அங்கே பள்ளிக்குப் போன இந்தியப் பிள்ளைக்குத் திரையில் தன்னைப்போல் இருந்த முகம் அநேகமாக அப்பு ஒன்றே. நேரில் பழகாத மக்களைப் பற்றிய தகவல் கோப்பை மூளை கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும். சக மாணவர்களின் கோப்பில் இருந்ததும் அந்த ஒரே படம். சிரிப்பு மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயராக வந்து நின்றது. 2017இல் இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு இதையே ஆவணப்படமாக எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார்.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த 'மதராசி' பாட்டு வாத்தியாரைச் சென்னையில் இருந்து பார்த்தவர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் தெருவில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடப் போவதில்லை. வடக்கே பள்ளியில் 'மதராசி' என்று கேலி கேட்டு வளர்ந்த தமிழருக்கு அதே காட்சி தொண்டையில் நிற்கும். தமிழர் என்பதால் மட்டும் இருவரும் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் 'இந்தியர்களே சிரிக்கிறார்கள், உனக்கென்ன?' என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. அது விலை கொடுக்காதவரைச் சாட்சிக்கு அழைப்பது. அதற்காகப் பார்வைக் கோணம்தான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தச் சிக்கன் விளம்பரத்தில் கோழியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: கறுப்பினக் கூட்டத்தின் நடுவே உட்காருவது ஒரு சங்கடம், அவர்களைத் தீனி போட்டு அடக்கலாம் என்பது மிச்சமிருக்கிறது. அதைப் பார்க்க அமெரிக்க வரலாறு தேவையில்லை.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்த பற்பசை ஒன்று உண்டு. 1933இல் ஷாங்காயில் தொடங்கியது. பெயர் 'டார்க்கி' (கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் ஆங்கிலச் சொல்), படம் தொப்பி போட்டுப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் கறுப்பு முகம். 1985இல் அமெரிக்க கோல்கேட் நிறுவனம் பாதிப் பங்கு வாங்கியதும் அங்கிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 1989இல் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து மாறி 'டார்லி' ஆனது, முகமும் மாறியது. சீன எழுத்தில் இருந்த பெயர் மட்டும் அப்படியே நீடித்தது: 'கறுப்பர் பற்பசை'. 2021 இறுதியில்தான் அதையும் மாற்றுவதாக அறிவித்தார்கள். அதுவரை முப்பதாண்டுக்கு மேல், ஒரே டியூபில் ஆங்கிலம் வாசிப்பவருக்கு ஒரு பெயர், சீனம் வாசிப்பவருக்கு இன்னொரு பெயர்.