தைத்தவர் பெயரையும் தைத்துவிடுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சீருக்கு வாங்கும் எவர்சில்வர் குடமோ தட்டோ பெயர் வெட்டாமல் வீட்டைவிட்டுப் போவது அரிது. கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால் பழஞ்சேலைகளை அடுக்கி, மாதக்கணக்கில் கண் வலிக்கத் தைத்த போர்வையில் ஓர் எழுத்துகூட இருக்காது. பாளையங்கோட்டையில் தையல் கற்றுத்தருகிறேன். பழைய போர்வைகளைச் செப்பனிட்டும் கொடுக்கிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பெயரில்லாதவை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அண்மையில் வந்த ஒரு போர்வையின் மேல்பக்கம் வெங்காய நிறப் பருத்திச் சேலை, நடுவில் நைந்த வேட்டி. அரிசி நீளத்துக்கு ஒரே சீராக நூலோட்டியிருந்தார்கள். ஓரம் திரும்பும் இடத்தில்கூட வரி கோணவில்லை. தைத்தவர் அம்மாவைப் பெற்ற ஆச்சியா, அப்பாவைப் பெற்ற ஆச்சியா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கிழிசலைப் பிரித்தபோது வேட்டி மூலையில் சலவைக்காரர் சேராங்கொட்டையின் அழியாத பாலால் இட்ட குறி கருகருவென்று அப்படியே இருந்தது. துவைத்தவரின் அடையாளம் நிலைத்துவிட்டது. தைத்தவரின் அடையாளம் இல்லை.

பத்தமடையில் கல்யாணப் பாய்க்குள் மணமக்கள் பெயரை நெய்து தருகிறார்கள். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊர்ப்பெயருக்குக் காப்பு வந்தது நல்லதே. கோரையைக் கீறி, சாயமேற்றி, தறியில் உட்கார்ந்தவரின் பெயரும் ஒரு மூலையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டிப் பதித்து ஒரு போர்வை தைத்தார். வறுமையால் அதை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. வாங்கிய ஜென்னி ஸ்மித், ஒவ்வொரு காட்சிக்கும் அவர் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதிவைத்தார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் போர்வையின் பொருள் நமக்குத் தெரிவது அந்தக் குறிப்பால்தான். எல்லோருக்கும் ஒரு ஜென்னி ஸ்மித் வாய்ப்பதில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

என்ன எழுதுவது? முழுப்பெயர், ஊர், ஆண்டு, யாருக்காகத் தைத்தது. வெறும் இனிஷியல் போதாது. நம் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் எழுத்து, பின் ஓர் எழுத்து. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு 'ஆர். லட்சுமி' யாரென்று எப்படித் தெரியும்? இடமிருந்தால் எந்தச் சேலை யாருடையது என்பதையும் சேருங்கள்.

பெயர் எழுதித் தைக்க, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சிறு துண்டு ஏற்றது. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மை நாளடைவில் பரவும். துணிக்கென்றே விற்கும் அழியாத மைப் பேனாவால் எழுதி, நன்றாகக் காயவிட்டு, மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போடுங்கள். முதலில் வேறு துண்டில் எழுதி, சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்ப்பது நல்லது. சேராங்கொட்டை அழியாது என்று அதைத் தேடிப் போகாதீர்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். என்னைக் கேட்டால் சங்கிலித் தையலில் சாயம் போகாத நூலால் பெயர் போடுவதே மேல். வெயிலில் மை வெளிறும், நூல் தாங்கும்.

துண்டை ஊசி குத்தியோ பசை தடவியோ வைக்காதீர்கள். ஊசி துருப்பிடிக்கும், பசை கறையாகும். அடித்துணியில் முதலில் இதைத் தைத்துவிட்டு, பிறகு எல்லா அடுக்கையும் சேர்த்துத் தையுங்கள். அப்போது தையல் வரிகள் பெயரின் மேலும் ஓடும். போர்வையைச் சேதப்படுத்தாமல் அதை யாரும் பிய்த்தெடுக்க முடியாது. விற்பனைக்குத் தைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய போர்வை இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதித் தையுங்கள். தைத்தவர் யாரென்று உறுதியில்லாவிட்டால் ஊகித்து ஒரு பெயரைப் போட வேண்டாம். யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டு கேட்டு எழுதியது என்று மட்டும் குறித்து, பின்னால் தெரியவந்தால் சேர்க்க இரண்டு வரி இடம் விட்டுவையுங்கள்.