நுளம்புக் கடியால் குருதிவழித் தொற்று வருமா?

மாரி மழைக்குப் பின் வன்னியில் நுளம்பு பெருகும் காலத்தில், எங்கள் சிகிச்சை நிலையத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "டொக்டர், இவருக்கு ஹெபடைடிஸ் பி எண்டு சொல்லிப்போட்டினம். இவரைக் கடிச்ச நுளம்பு பிள்ளையளைக் கடிச்சால் அவைக்கும் வருமோ?"

வராது. எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்றும் நுளம்பால் பரவுவதில்லை. மலேரியாவில் படுத்தெழும்பிய பெரியவர்கள் பலர் வாழும் இந்த மண்ணில் அந்தப் பயம் எழுவது இயல்பே.

பெண் நுளம்பின் வாயுறுப்பில் தனித்தனியே இரண்டு குழாய்கள் உள்ளன. ஒன்றின் வழியே அதன் உமிழ்நீர் நம் உடலுக்குள் இறங்க, மற்றதன் வழியே குருதி மேலேறுகிறது. குடித்த குருதியை அது அடுத்தவரின் உடலுக்குள் செலுத்துவதில்லை. டெங்கு வைரசு பரவுவதற்குக் காரணம், அது நுளம்பின் குடற்சுவரில் பெருகி, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்துவிடுவதுதான். (ஆகவே டெங்குக் காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்கவைப்பது மிக அவசியம், அந்த நுளம்பு பகலில் கடிப்பது.) எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனிதரின் நோயெதிர்ப்புக் கலங்கள் வேண்டும். நுளம்பில் அவை இல்லாததால், குடித்த குருதியோடு வைரசும் சமித்து அழிகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரசுக்களும் நுளம்பின் உடலில் பெருகுவதில்லை. வாயுறுப்பில் ஒட்டியிருக்கக்கூடிய குருதியோ மிக அற்பம். நுளம்பும் எச்.ஐ.வி.யும் மிகுந்த ஆபிரிக்க நாடுகளில் எல்லா வயதினரும் கடிபடுகிறார்கள். ஆனால் தொற்று பெரும்பாலும் பாலுறவு கொள்ளும் வயதினரிடமும், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளிடமும்தான் காணப்படுகிறது.

எனக்குப் பெரும் வேதனை தருவது, நோயாளிக்குத் தனிக்கோப்பை வைத்து, பேரப்பிள்ளைகளை அவர் மடியில் ஏறவிடாமல் தடுக்கும் அதே வீட்டில், அப்பாவும் மகனும் ஒரே சவர அலகைப் பாவிப்பதுதான். காய்ந்த குருதியில்கூட ஹெபடைடிஸ் பி வைரசு குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். சவர அலகு, பல்துலக்கி, நகவெட்டி என்பன ஆளுக்கொன்றாக இருக்கவேண்டும். சலூனில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் போடுமாறு கேட்டு வாங்குங்கள்.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த பலர் அதைப் பெற்றிருக்கமாட்டார்கள். ஆகவே ஒருவருக்குத் தொற்று உறுதியானால், வாழ்க்கைத்துணையும் வீட்டிலுள்ள ஏனையோரும் குருதிப் பரிசோதனை செய்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளவேண்டும். பெரியவர்களுக்கு வழமையாக மூன்று ஊசிகள்: முதலாவதிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது.