பெல்ட் மாற்றியும் சத்தம் நிற்கவில்லையா? டென்ஷனரைப் பாருங்கள்

"புது பெல்ட்தான் போட்டிருக்கு, ஆனா சத்தம் அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வண்டி கொண்டுவருபவர்கள் அதிகம். இன்ஜின் முன்பக்கம் கீச்சென்று கேட்டாலே ஃபேன் பெல்ட் போய்விட்டது என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம். பெல்ட்டில் சத்தம் கேட்கிறது என்பதற்காகக் கோளாறும் பெல்ட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பழைய அம்பாசடரில் பெல்ட் தளர்ந்தால் போல்ட்டை லூஸ் செய்து, நெம்பி இழுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்குவோம். இன்றைய பெரும்பாலான கார்களில் வரிவரியாகப் பள்ளம் போட்ட ஒரே நீள பெல்ட், இன்ஜின் சுழற்றும் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப் என எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. அதைச் சரியான இறுக்கத்தில் பிடித்து வைப்பது டென்ஷனர். உள்ளே கனமான ஸ்பிரிங், அதிர்வை அடக்கும் டேம்பர், வெளியே ஒரு கை, கையின் நுனியில் பேரிங் வைத்த புல்லி. இந்த நான்கில் எது போனாலும் சத்தம் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சத்தம் வேறு.

ஏசி போட்டதும் நீளமாகக் கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது; ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம், கூலண்டோ ஆயிலோ சொட்டியிருக்கலாம். குருவி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கேட்டால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கொரகொரவென்று உறுமினால் பேரிங். ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் 'டக் டக்'கென்று தட்டினால் டேம்பர் செத்து, டென்ஷனர் கை ஸ்டாப்பரில் மோதுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

முதல் இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று அடங்கித் திரும்பி வந்தால் புல்லி நேராக இல்லை. இன்னும் கூடினால் இறுக்கம் போதவில்லை. இதைச் செய்யும்போது துப்பட்டா, வேட்டி நுனி, கைச்சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். விரல் போனால் போனதுதான்.

அப்புறம் தள்ளி நின்று டென்ஷனர் கையைப் பாருங்கள். லேசாகத் துடிப்பது இயல்பு. ஏசி ஆன் செய்தும் படபடவென்று அடித்துக்கொண்டால் கோளாறு. ஆனால் உடனே டென்ஷனரை வாங்கிவிடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். பல டீசல் கார்களில் ஆல்டர்னேட்டரில் ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறுதிசையில் தாராளமாகச் சுற்றும் கிளட்ச் புல்லி இருக்கும். அது ஜாம் ஆகிவிட்டால் இன்ஜினின் ஒவ்வொரு உதறலும் பெல்ட் வழியாக டென்ஷனருக்குப் போகும். ஒரு வாடிக்கையாளர் வேறொரு பட்டறையில் பெல்ட், டென்ஷனர் இரண்டையும் மாற்றிவிட்டு வந்திருந்தார். புது டென்ஷனரும் அதற்குள் தட்ட ஆரம்பித்திருந்தது. கோளாறு ஆல்டர்னேட்டர் புல்லியில் இருந்தது.

இன்ஜின் ஆறிய பிறகு பெல்ட்டைக் கழற்றுங்கள். அதற்கு முன் பெல்ட் போகும் பாதையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். டென்ஷனர் புல்லியை விரலால் சுண்டிச் சுற்றுங்கள். நல்ல பேரிங் கிரீஸின் லேசான பிடிப்போடு சத்தமில்லாமல் சுற்றி நிற்கும். 'சர்ர்'ரென்று வெகுநேரம் தாராளமாகச் சுற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. புல்லியைப் பக்கவாட்டில் ஆட்டினால் பிளே (ஆட்டம்) இருக்கக் கூடாது. டென்ஷனர் கையை ஸ்பேனர் போட்டு முழுத் தூரமும் நகர்த்திப் பாருங்கள். நடுவில் சிக்கவோ, திடீரென்று இளகவோ கூடாது. அச்சு அருகே துருநிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே தேய்கிறது. பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியையும் இதேபோல் பார்த்துவிடுங்கள். சத்தம் பெல்ட் பக்கமா, இன்ஜினுக்குள்ளா என்றே தெரியவில்லையா? பெல்ட் இல்லாமல் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில்தான் ஓடலாம்.

பேரிங்கின் சீலை நெம்பி கிரீஸ் அடைப்பது, பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தைச் சில நாள் மறைக்கும், அவ்வளவுதான். தூசி ஒட்டி பெல்ட் இன்னும் சீக்கிரம் கெடும். ஸ்பிரிங்கும் டேம்பரும் உறுதியாக இருந்து, புல்லி தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். டென்ஷனரின் கை ஸ்டாப்பரில் மோதித் தட்டுகிறது என்றால் முழு டென்ஷனரையும் மாற்றுவதுதான் சரி. சில வண்டிகளில் புல்லி போல்ட் இடதுமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் கொடுத்தால் முறிந்துவிடும். மாட்டியதும் பெல்ட்டின் எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு புல்லியிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

வாட்டர் வாஷில் இன்ஜினுக்குள் பிரஷர் தண்ணீரை நேராக புல்லிகள் மேல் அடிக்க விடாதீர்கள். சீலைத் தாண்டி ஈரம் போனால் பேரிங்குக்கு ஆயுசு குறைவு.

சத்தத்தோடு பேட்டரி விளக்கு எரிந்தாலோ, டெம்பரேச்சர் முள் ஏறினாலோ ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பெல்ட் அறுந்து வாட்டர் பம்ப் நின்ற வண்டியை 'வீடு வரைக்கும்தானே' என்று ஓட்டினால் இன்ஜின் சூடேறி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், அந்தச் செலவு வரும். அதன் முன்னால் டென்ஷனர் விலை ஒன்றுமே இல்லை. இங்கே சொன்னதெல்லாம் வெளியே தெரியும் பெல்ட்டுக்குத்தான். கவருக்குள் இருந்து வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டிலோ செயினிலோ சத்தம் வந்தால் நீங்களாகக் கைவைக்காதீர்கள். அது பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்கூடச் செய்யாமல் டோ செய்துதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.