குளம் பச்சையானால் தண்ணீரை இறைக்காதீர்கள்

சித்திரை, வைகாசியில் அல்லிக்குளம் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது, மீன் கண்ணுக்கே தெரியவில்லை. நான் போவதற்குள் பாதிப் பேர் மோட்டார் போட்டு முழுத் தண்ணீரையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதுத்தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். சில நாட்களில் மறுபடியும் பச்சை.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா சுவரிலும் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கிறது. தேய்த்துக் கழுவும்போது அதுவும் போய்விடுகிறது. சுவரில் படியும் மெல்லிய பச்சைப் படலத்தை நான் தொடுவதே இல்லை, அது இருக்கட்டும்.

தண்ணீரைப் பச்சையாக்குவது பாசி. அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நான் முதலில் அல்லித்தொட்டிக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். பூ நிறைய வர வேண்டுமென்று மண்மேலேயே டிஏபி உரத்தைத் தூவியிருப்பார்கள். அதில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். தண்ணீரில் கரைந்தால் அல்லிக்கு முன் பாசி முந்திக்கொள்ளும். கொஞ்சம்போல எடுத்துக் காகிதத்தில் பொட்டலம் மடித்து, வேருக்குப் பக்கத்தில் களிமண்ணுக்குள் விரல் ஆழம் அழுத்தி மூடுங்கள். மேலே கூழாங்கல் பரப்பினால் மீன் கிளறாது. மண்ணில் சாணி உரம் கலக்கவே வேண்டாம், வெறும் களிமண் போதும்.

அப்புறம் மீன் தீவனம். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போட்டதெல்லாம் பாசிக்குத்தான். அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதியையாவது மூடட்டும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் என்றால் டிரம்மில் ஒருநாள் திறந்துவைத்து ஊற்றுங்கள். யுவி (புற ஊதா) விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும். கல்லில் ஒட்டிய நூல்பாசியை அது ஒன்றும் செய்யாது. அதைக் குச்சியில் சுற்றி இழுத்தெடுக்க வேண்டியதுதான்.

மயில்துத்தம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மீன் இருக்கும் குளத்தில் கூடவே கூடாது. அதிலுள்ள செம்பு, மீனுக்கும் நத்தைக்கும் விஷம். அதற்குத் தப்பினாலும், ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும்.

பாசி உயிரோடு இருந்தாலும் இரவில் ஆக்சிஜனைச் செலவழிக்கத்தான் செய்யும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுக்குத் திணறுகின்றன என்று அர்த்தம். கரன்ட் மிச்சமாகட்டும் என்று ராத்திரியில் நீரூற்று மோட்டாரை நிறுத்துகிறீர்களா? நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் நிறுத்துங்கள்.