நான் எழுதாத சிபாரிசுக் கடிதம்

சென்ற மாதம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "இந்தக் கடிதத்தை எழுதியவர் நீங்கள்தானா?" என்று கேட்டு, ஒரு சிபாரிசுக் கடிதத்தை இணைத்திருந்தார்கள். என் பெயர், பதவி, துறையின் முகவரி எல்லாம் சரி. கடிதம் மட்டும் என்னுடையதல்ல. என் பெயரில் யாரோ திறந்த ஜிமெயில் கணக்கிலிருந்து அது போயிருந்தது. விண்ணப்பித்த பிள்ளை எங்களிடம் படித்தவர்தான். நல்ல பெறுபேறும் எடுத்தவர். வந்து கேட்டிருந்தால் மனமார எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் ஏஜென்சி ஒன்றிடம் போயிருந்தார். "ஏஜென்சிக்காரர் எல்லாம் தாங்களே பாக்கிறம் எண்டவை, மிஸ். உங்கட பேரை மட்டும்தான் கேட்டவை" என்று அழுதார். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு "என்னுடையதல்ல" என்பதைத் தவிர நான் வேறு என்ன பதில் எழுத முடியும்?

இது முதல் தடவையாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளையோடு கதைத்துவிட்டு விட்டிருப்பேன். பக்கத்துத் துறைகளிலும் இதே கதை நடக்கிறது. கெட்டித்தனமான பிள்ளைகள், தங்களுக்கு உரிய கடிதத்தை விட்டுவிட்டுப் பொய்க் கடிதத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிபாரிசுக் கடிதம் ஒரு சம்பிரதாயம், யார் எழுதினாலும் ஒன்றுதான் என்று நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கிராம அலுவலர் தருகிற நற்சான்றுப் பத்திரம் போன்றதல்ல இது. "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று எழுதிய கடிதத்துக்கு ஒரு தெரிவுக் குழுவிடம் எந்த மதிப்பும் இல்லை. நானும் பட்டப்பின் படிப்புக்கான நேர்முகக் குழுக்களில் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட கடிதங்களை இரண்டாவது வரியிலேயே தள்ளி வைத்துவிடுவோம்.

குழு தேடுவது வேறு. இந்த மாணவரை எத்தனை வருடமாகத் தெரியும்? எந்தப் பாடத்தில்? ஆய்வுகூடத்தில் பரிசோதனை பிழைத்தபோது என்ன செய்தார்? சொன்னதை மட்டும் செய்பவரா, திரும்பி வந்து கேள்வி கேட்பவரா? பல பல்கலைக்கழகங்களின் இணையப் படிவத்தில், "நீங்கள் கற்பித்த மாணவர்களுக்குள் இவர் முதல் ஐந்து வீதத்திலா, பத்து வீதத்திலா, கால்வாசியிலா?" என்று கட்டம் போட்டே கேட்பார்கள். உங்களைக் கண்ணாலும் காணாத ஓர் ஏஜென்சி ஊழியர் இதற்கு என்ன எழுதுவார்? எல்லாருக்கும் "முதல் ஐந்து" என்று போடுவார். எல்லாருக்கும் ஒரே வசனங்களை எழுதுவார். வருடம் முழுவதும் கடிதங்களை வாசிப்பவர்களுக்கு அது தெரியாமல் போகாது. நிறுவன முகவரி உள்ள விரிவுரையாளர் ஏன் ஜிமெயிலில் இருந்து எழுதுகிறார் என்று அவர்கள் பல்கலைக்கழக இணையத்தளத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள். எனக்கு மின்னஞ்சல் வந்ததும் அப்படித்தான்.

இதன் இன்னொரு பக்கம், பெரிய கதிரையில் இருப்பவரின் கடிதம்தான் வலுவானது என்ற நம்பிக்கை. துணைவேந்தரின் கடிதம், பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம், படித்த பாடசாலை அதிபரின் கடிதம், கொழும்பில் பெரிய டொக்டராக இருக்கும் மாமாவின் கடிதம். பெற்றோர்தான் இதற்கு அதிகம் அலைகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் இறுதியாண்டு ஆய்வை மேற்பார்வை செய்த இளம் விரிவுரையாளர், உங்கள் குறிப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்தியவர், எழுதும் ஒரு பக்கம் அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. அவருக்குப் பேராசிரியர் பட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவருக்கு உங்களைத் தெரியும், அதுதான் வேண்டும்.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நீயே எழுதிக்கொண்டு வா, நான் சைன் பண்ணிறன்" என்று நாங்கள் சொல்லும்போது, கடிதத்தை யார் எழுதினாலும் சரி என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நாங்கள்தான். நேரம் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடலாம்.

சரி, எப்படிக் கேட்பது? குறைந்தது மூன்று கிழமைக்கு முன் கேளுங்கள். நாளை நள்ளிரவு முடிவுத் திகதி, இன்று பின்னேரம் வட்ஸ்அப்பில் "மிஸ், ஒரு சின்ன உதவி" என்று வராதீர்கள். வரும்போது பெறுபேற்றுப் பத்திரம், விண்ணப்பிக்கும் கற்கைநெறிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் உரிய திகதி, ஏன் அதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்கக் கூற்று எல்லாம் கையில் இருக்கட்டும். படிவத்தில் விரிவுரையாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சலை மட்டும் கொடுங்கள். "எனக்கு நல்ல மாதிரி எழுத உங்களுக்கு ஏலுமா?" என்று நேராகவே கேளுங்கள். அவர் இழுத்தால் வேறொருவரைக் கேளுங்கள். அரைமனதோடு எழுதிய கடிதம் உதவாது. பட்டம் பெற்று நாலைந்து வருடமாகிவிட்டதா? வெட்கப்படாமல் வாருங்கள். கடைசியாகச் செய்த ஆய்வின் பிரதியைக் கொண்டு வந்தால் எங்களுக்கு எல்லாம் நினைவு வரும்.

ஏஜென்சிகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்ப, விசா ஆவணங்களை ஒழுங்குபடுத்த உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த மாணவர் தொகைக்கு ஏற்ப ஏஜென்டுக்குத் தரகு கொடுக்கின்றன. தரகு கிடைக்காத வழியை அவர் உங்களுக்குக் காட்டுவதற்குக் காரணமே இல்லை. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் விசாரிக்கப் போகும் எல்லாரும், வேதியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும், பிரித்தானியாவில் ஒரு வருட வணிக முகாமைத்துவ முதுமாணிக்கான கையேட்டோடு வெளியே வருகிறார்கள்.

"மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று ஏஜென்சிகளில் இன்றும் சொல்கிறார்களாம். 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் கற்கைநெறிகளுக்கு, பாடவகுப்பு வழியிலான முதுமாணி மாணவர்கள் குடும்பத்தைத் தங்கள் விசாவோடு பிரித்தானியாவுக்கு அழைக்க முடியாது. ஆய்வுப் பட்டம் செய்பவர்களுக்கும் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்ற சிலருக்கும்தான் அந்த வசதி. அடுத்தது வங்கிக் கணக்கு. பிரித்தானிய விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக வட்டிக்குக் காசு வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டு எடுக்கும் வழக்கம் இங்கே பரவிவிட்டது. காணி உறுதியை ஈடு வைத்தவர்களை எனக்குத் தெரியும். காட்டிய காசு கையில் இல்லாமல் அந்த நாட்டில் போய் இறங்கினால், முதல் மாத வாடகைக்கே வழியில்லை. போலி ஆவணம் என்று பிடிபட்டால் பத்து ஆண்டுகள் வரை பிரித்தானிய விசா மறுக்கப்படலாம். கையொப்பம் உங்களுடையது. ஏஜென்ட் வைத்த ஆவணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஏஜென்ட் காட்டாத வழிகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் விஞ்ஞான, பொறியியல் துறைகளில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதுமாணி கட்டாயமில்லை. பல துறைகள் கட்டணத்தையும் தள்ளி, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராக்கி மாதப் பணமும் கொடுக்கும். முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் வைக்கச் சொல்வார்கள். அது உங்கள் காசுதான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். பொதுநலவாயப் புலமைப்பரிசில், செவனிங், அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் ஆகிய அரச புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. "புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று வருடப் பொதுப் பட்டம் செய்தவர்கள் கவனமாக இருங்கள். தகைமைகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது ஐந்தாம் மட்டம். சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். எல்லா நாடுகளும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதுமாணியிலும் இதே வேறுபாடு உண்டு. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி ஒன்பதாம் மட்டம், ஆய்வுப் பகுதியோடு சேர்ந்தது பத்தாம் மட்டம். விரிவுரையாளராக வர விரும்பும் பிள்ளை, ஆய்வு இல்லாத முதுமாணிக்குப் பல லட்சம் கொட்டிவிட்டு வந்து நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சேர முன்னரே பார்த்துவிடுங்கள். அந்த வெளிநாட்டு நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளுமா என்பதையும் காசு கட்ட முன்னரே விசாரியுங்கள்.

வெளிநாடு மட்டும்தான் பட்டப்பின் படிப்பு என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயர் பட்டப் படிப்புகளுக்கெனத் தனிப் பீடம் இருக்கிறது. பேராதனையில் விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் தனித்தனி நிறுவகங்கள் உள்ளன. இங்கே நல்ல ஆய்வோடு ஒரு முதுதத்துவமாணி (எம்.பில்.) முடித்துவிட்டு வெளியே போனால், உங்களிடம் கதைக்க விஷயம் இருக்கும்.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டச் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். நம் ஊரில் இது சாதாரணம், வெளிநாட்டில் மூன்று பேராகத் தெரியும். இப்போதே சரிபார்த்து, தேவையென்றால் சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். பட்டப் படிப்புக்கு எழுத வேண்டியது கல்விசார் பிரிவு, பொதுப் பிரிவு அல்ல. தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்தில் படித்தவர்கள் இதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று விளம்பரம் சொல்வதை நம்பாதீர்கள்.

மேற்பார்வையாளர்களுக்கு எழுதும்போது ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். ஒருவருடைய கட்டுரை இரண்டை உண்மையாகவே வாசித்துவிட்டு, உங்களுக்கு அதில் எழுந்த கேள்வியை எட்டுப் பத்து வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமைக்குப் பின் ஒரு தடவை நினைவூட்டலாம். நோக்கக் கூற்றையும் நீங்களே எழுத வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் திருத்தித் தர நாங்கள் இருக்கிறோம். இயந்திரம் எழுதித் தந்த வழவழப்பான பக்கத்தில், நீங்கள் இறுதியாண்டில் சுன்னாகத்துக் கிணற்று நீரைச் சேகரித்துப் பரிசோதித்தது எங்கே இருக்கிறது? அந்த ஒரு பந்திக்காகத்தான் குழு உங்களை நேர்முகத்துக்கு அழைக்கும்.

கடைசியாக, ஏற்கெனவே ஏஜென்சி மூலம் விண்ணப்பம் போய்விட்ட பிள்ளைகளுக்கு. உங்கள் விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லை இன்றே கேட்டு வாங்குங்கள். உள்ளே போய், சிபாரிசு செய்தவர்கள் என்று யாருடைய பெயர், எந்த மின்னஞ்சல் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்காத ஒருவரின் பெயர் இருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். அனுமதிப் பிரிவுக்கு நீங்களே எழுதி, அந்தக் கடிதத்தை மீளப்பெற வேண்டும், சரியான சிபாரிசாளரின் விபரத்தைத் தருகிறேன் என்று கேளுங்கள். சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காவிட்டால் விண்ணப்பத்தையே மீளப்பெற்று அடுத்த தவணைக்குப் போடுங்கள். அந்த விரிவுரையாளரிடமும் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஏசுவார்தான். ஏசிவிட்டு, உங்களுக்கு உரிய கடிதத்தை எழுத உட்காருவார்.